சான்றிதழும் சமயக் கல்வியும்

சமயக் கல்வியைக் கைப்பேசி வழியே நேரலையில் கற்பித்து, பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் வழங்கும் வகுப்புகள் இன்று எல்லாச் சமயத்தாரிடையிலும் பெருகிவிட்டன. திருமுறை வகுப்பு, சைவ சித்தாந்த வகுப்பு, திவ்வியப் பிரபந்த வகுப்பு, வேதாகமப் பாட வகுப்பு, திருக்குர்ஆன் ஓதும் வகுப்பு எனப் பல பெயர்களில் இவை நடைபெறுகின்றன. ஆசிரியர் கும்பகோணத்திலோ பாளையங்கோட்டையிலோ இருக்கிறார். மாணவர்கள் தாராவியிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் இருக்கிறார்கள். குறித்த நேரத்தில் ஆசிரியரின் முகம் திரையில் தோன்றுகிறது, பாடம் நடக்கிறது, ஐயம் கேட்டால் அப்போதே விடை கிடைக்கிறது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் கதவடைத்தபோது, வேறு வழியின்றிப் பலர் இந்த முறைக்கு மாறினார்கள். கதவுகள் திறந்த பிறகும் இந்த முறை நிலைத்துவிட்டது.

இது நல்லதா, கெட்டதா? நல்லதே என்பது நமது கருத்து. ஆனால் எதற்கு நல்லது, எதற்கு உதவாது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளாமல் சேர்கிறவர் பணத்தையும் காலத்தையும் இழக்க நேரிடும். தெரிந்துகொண்டு சேர்கிறவருக்கோ, அவர் செலுத்தும் கட்டணத்தைவிடப் பல மடங்கு பயன் கிடைக்கும். இந்த வேறுபாட்டை மும்பைத் தமிழருக்கு, குறிப்பாக மாதச் சம்பளத்திலும் நாள் கூலியிலும் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு, எடுத்துச் சொல்வது நம் கடமை.

பிழைப்புத் தேடி இந்த நகருக்கு வந்த நம் முன்னோர், சமயத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வரவில்லை. தாராவியின் பெரிய பள்ளிவாசல் 1887-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அங்குள்ள கணேசர் கோயில் 1913-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இரண்டையும் எழுப்பியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த உழைப்பாளிகள். தோல் பதனிட்டும் மூட்டை சுமந்தும் சம்பாதித்த காசில் அவர்கள் கட்டிய இடங்கள் வெறும் வழிபாட்டுத் தலங்களாக இருக்கவில்லை. ஊர்க் கடிதம் படித்துக் காட்டப்பட்டது அங்கே. பிள்ளைகள் தமிழ் எழுத்துக் கற்றது அங்கே. பெரியவர் பாடச் சிறுவர் திருப்பிப் பாடியதும் அங்கேதான். மாட்டுங்காவில் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் குடியேறியவர்கள் பஜனை மடங்களைச் சுற்றியே தங்கள் வாழ்வை அமைத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவத் தமிழருக்கு ஞாயிறு பள்ளி அந்த வேலையைச் செய்தது.

இன்று நிலைமை வேறு. குடும்பங்கள் நெடுந்தொலைவுப் புறநகர்களுக்குப் பரவிவிட்டன. டோம்பிவிலியிலிருந்து கோட்டைப் பகுதி அலுவலகத்திற்கு ரயிலில் போய்வரும் எழுத்தருக்கு, நாளில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பயணத்திலேயே கழிகிறது. வீடு திரும்பியபின் பிள்ளையை உட்கார வைத்துப் பாடம் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. பிள்ளைக்கோ பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி. மராட்டிய மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம் என்று 2020-இல் சட்டம் வந்திருக்கிறது. வாழவந்த மாநிலத்தின் மொழியைக் கற்பது நியாயமே. அதில் நமக்குக் குறை இல்லை. ஆனால் தமிழுக்கு அந்தப் பிள்ளையின் நாளில் இடம் எது? வீட்டில் பேச்சுக்குத் தமிழ் இருக்கிறது, எழுத்துக்கு இல்லை. பாட்டி பாடிய பதிகத்தைப் பேரன் தேவநாகரி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடும் காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பாட்டு நிற்கிறது, எழுத்து போய்விட்டது. அடுத்த தலைமுறையில் பாட்டும் போய்விடும்.

இந்த இடத்தில்தான் நேரலை வகுப்பு ஓர் ஊன்றுகோலாக வருகிறது.

சமயக் கல்வியைப் பள்ளிக்கூடமே கற்பிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நம் அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு அதற்கு வரம்பு கட்டியிருக்கிறது. முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பிற பள்ளிகளிலும், மாணவரின் சம்மதமின்றி, சிறுவராயின் பெற்றோரின் சம்மதமின்றி, அவரைச் சமய போதனையில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது. பல சமயத்தார் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும் நாட்டில் இது அறிவுடைய ஏற்பாடு. அதே சமயம், எல்லாச் சமயங்களைப் பற்றியும் மாணவர் அறிந்துகொள்வது வேறு, ஒரு சமயத்தைப் போதிப்பது வேறு என்பதை 2002-ஆம் ஆண்டு அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முன்னது மதச்சார்பின்மைக்கு விரோதமல்ல என்றும் கூறியது. ஆக, பள்ளி ஓரளவு அறிமுகம் செய்து வைக்கலாம். தன் சமயத்தின் நூல்களை முறையாகக் கற்பிக்கும் பொறுப்பு வீட்டையும் சமய நிறுவனத்தையுமே சாரும்.

சமய நிறுவனங்கள் காலத்திற்கேற்ற கருவியை எடுத்துக்கொள்வதும் புதிதல்ல. தரங்கம்பாடியில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீகன்பால்கு அச்சகம் கண்டு, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கிறிஸ்தவப் பாதிரிமார் கையாண்ட வினா விடை முறையையே எடுத்து, சைவப் பிள்ளைகளுக்கான பாடநூல்களை எழுதி அச்சிட்டார். அஞ்சல் வழிக் கல்வி வந்தபோது, வேதாகமப் பாடங்கள் தபால் உறைகளில் வீடு தேடி வந்தன. திருவாவடுதுறை ஆதீனம் சைவ சித்தாந்தத்திற்கும் திருமுறைக்கும் பல ஊர்களில் பயிற்சி மையங்களை ஏற்படுத்தி, வேலைக்குப் போகிறவர்களும் கற்கும்படி செய்தது. பனையோலை, அச்சு, அஞ்சல், இன்று கைப்பேசி. கருவி மாறியதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. கருவியின் குணம் என்ன என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும்.

முதலில், இந்தச் சான்றிதழ் என்ன என்பதைப் பார்ப்போம்.

பல்கலைக்கழகப் படிப்புகளில் ஒவ்வொரு பாடத்திற்கும் 'கிரெடிட்' என்னும் மதிப்பலகு உண்டு. அவற்றைச் சேர்த்துச் சேர்த்தே பட்டம் பெறுகிறோம். நாம் இங்கே பேசும் வகுப்புகளில் பெரும்பாலானவை மதிப்பலகு இல்லாதவை. அதாவது, அந்தச் சான்றிதழை எத்தனை சேர்த்தாலும் பட்டம் ஆகாது. வேறு படிப்பில் சேரும்போது கழித்துக்கொள்ளவும் முடியாது. இன்னார் இன்ன பாடத்தில் இத்தனை வகுப்புகளுக்கு வந்திருந்தார் என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவே. இதில் மறைக்க ஒன்றுமில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. தேர்வுப் பயமின்றி, வயது வரம்பின்றி, பத்தாவது தேறினாயா என்ற கேள்வியின்றி ஒருவர் கற்க முடிகிறது என்றால், அது மதிப்பலகு இல்லாததன் நன்மை.

தீமை எங்கே வருகிறது? சான்றிதழ் என்ற சொல்லிலேயே வருகிறது. நம் மக்களுக்குச் சான்றிதழ் என்றால் வேலை, பதவி உயர்வு, சம்பள உயர்வு. தங்க எழுத்தில் முத்திரையிட்ட ஒரு காகிதத்தைக் காட்டி, "இது இருந்தால் கோயிலில் வேலை கிடைக்கும், பள்ளியில் சமய ஆசிரியராகலாம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடுகிறோம். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்த பல்கலைக்கழகங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் தந்த நிறுவனங்களுமே பட்டம் வழங்கலாம். மற்றவர் வழங்கும் "டாக்டர்" பட்டமும் "ஆச்சாரியர்" பட்டமும் சட்டத்தின் கண்ணில் வெறும் அலங்காரம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு அவ்வப்போது வெளியிடுகிறது. இணைய வழியில் பட்டப்படிப்பு நடத்துவதற்கும் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி தனி அனுமதி வேண்டும்.

கோயில் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் பல சாதிகளையும் சேர்ந்த அர்ச்சகர்கள் அறநிலையத் துறைக் கோயில்களில் நியமிக்கப்பட்டார்கள். நெடுநாள் போராட்டத்தின் பலன் அது. ஆனால் அவர்கள் நேரில் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து ஆசிரியர் முன் அமர்ந்து பயின்றவர்கள். கைப்பேசியில் பத்து வாரம் கேட்டுவிட்டு அந்தப் பணிக்கு மனுப் போட முடியாது. முடியும் என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

சேருவதற்கு முன் ஒவ்வொருவரும் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். பாடம் நடத்துபவர் யார், அவர் யாரிடம் பயின்றவர்? மொத்தம் எத்தனை வகுப்பு, எத்தனை மணி? கட்டணம் முழுவதும் இவ்வளவுதானா, அல்லது புத்தகத்திற்கும் தேர்வுக்கும் சான்றிதழுக்கும் தனித்தனியாகப் பின்னர் கேட்பார்களா? இடையில் நின்றால் பணம் திரும்புமா? தவறவிட்ட வகுப்பைப் பிறகு கேட்க வசதி உண்டா? முதல் வகுப்பைக் கட்டணமின்றிக் கேட்டுப் பார்க்கலாமா? இவற்றுக்கு எழுத்து மூலம் பதில் தராத நிறுவனத்தை விட்டு விலகுவதே மேல். ஆதார் அட்டையின் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் பதிகம் படிப்பதற்குத் தேவையில்லை. கேட்டால் ஏன் என்று கேளுங்கள். கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள்.

இவ்வளவும் எச்சரிக்கை. இனி இந்த வகுப்புகளின் உண்மைப் பயனைச் சொல்வோம்.

வேத பாடசாலையின் திண்ணையும், மடத்தின் முற்றமும், மதரசாவின் பாயும் எல்லாருக்கும் திறந்திருந்ததில்லை. சிலருக்குச் சாதி தடுத்தது. பெண்களுக்கு வழக்கம் தடுத்தது. ஏழைக்கு நேரமின்மை தடுத்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைவதற்கு 1939-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் பலர் இன்று இந்த நகரத்தில் வாழ்கிறார்கள். அவர்கள் திரையில் ஆசிரியர் முன் அமர்ந்தால் முன் வரிசை, பின் வரிசை என்ற பேதம் இல்லை. தொலைவில் நில் என்று சொல்ல முடியாத வகுப்பறை இது. விண்ணப்பத்தில் சாதி கேட்கும் பத்தி ஒன்று இருக்குமானால், அதை அடித்துவிட வேண்டும் என்று நாம் நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டுப் பெண்களுக்கும் இது பெரிய வாய்ப்பு. நால்வர் பெயரும் தெரியும், பாட்டும் தெரியும். ஆனால் பொருள் சொல்லித்தர எவரும் இல்லாதிருந்த தாய்மார் பலர். மதியம் குழாய்த் தண்ணீர் பிடித்து, சமையல் முடித்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன்னால் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் அவர்கள் மாணவிகளாகிறார்கள். பன்னிரு திருமுறைகளில் முதல் மூன்றும் சம்பந்தருடையவை, அடுத்த மூன்றும் அப்பருடையவை, ஏழாவது சுந்தரருடையது, எட்டாவதில் திருவாசகம் என்று வரிசை தெரிந்துகொண்ட தாய், அதைப் பிள்ளைக்கும் சொல்வாள். ஆண்டு முழுதும் ஊர்ச் சங்கம் நடத்தும் சொற்பொழிவுகளைவிட, கற்ற ஒரு தாயால் ஒரு வீட்டிற்கு அதிக நன்மை விளையும்.

ஆனால் கைப்பேசியால் ஆகாத காரியங்களும் உண்டு. தேவாரம் பண்ணோடு பாடப்பட வேண்டியது. ஓதுவார் பாட, மாணவர் கூடவே பாட, குரலோடு குரல் சேர்ந்து கற்றுக்கொள்வது தொன்றுதொட்ட முறை. இணைய வழியில் ஒவ்வொருவர் குரலும் ஒரு கணம் முன்பின்னாக வந்து சேர்கிறது. நாற்பது பேர் சேர்ந்து பாடினால் கூச்சல்தான் மிஞ்சும். எனவே ஆசிரியர் எல்லாருடைய ஒலியையும் அடைத்துவிட்டுத் தாம் மட்டும் பாடுகிறார். மாணவர் தம் வீட்டில் பாடுவது அவருக்குக் கேட்பதில்லை, தவறு திருத்தப்படுவதில்லை. சிறிய ஒலிபெருக்கியில் லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றாகவே கேட்கின்றன. திருக்குர்ஆன் ஓதுகிறவருக்கும் இதே இடர்ப்பாடு. எழுத்தின் பிறப்பிடம் தவறினால் பொருளே மாறும் என்பது ஆசிரியர்கள் அறிந்தது. ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காமல், ஒவ்வொருவரையும் தனித்துப் பாடச் சொல்லிக் கேட்டுத் திருத்துகிற ஆசிரியரே இந்தக் குறையை ஓரளவு போக்க முடியும். ஐந்நூறு பேரை ஒரே வகுப்பில் அடைப்பவர் நடத்துவது வகுப்பல்ல, வானொலிப் பேச்சு.

மற்றொரு தடை நம் வீடுகளின் அளவு. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர். இருப்பது ஒரு கைப்பேசி. அதுவும் இரவு வேலைக்குப் போகும் தகப்பனோடு போய்விடுகிறது. இந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு நேரலை வகுப்பு எட்டாக்கனி. இங்கேதான் நம் தமிழ்ச் சங்கங்களும், கோயில் அறக்கட்டளைகளும், சபைகளும், ஜமாஅத்துகளும் முன்வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் மண்டபத்தைத் திறந்து வையுங்கள். ஒரு பெரிய திரையும் நல்ல ஒலிபெருக்கியும் வாங்குங்கள். ஊரிலுள்ள ஆசிரியரை அந்தத் திரையில் அழைத்துப் பாடம் கேட்கச் செய்யுங்கள். தமிழ் படித்த ஒருவர் அருகில் நின்று பிள்ளைகளின் உச்சரிப்பைத் திருத்தட்டும். ஆண்டு விழாப் பந்தலுக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

எழுத்தறிவை முதலில் வையுங்கள் என்பதும் நமது வற்புறுத்தல். தமிழ் எழுத்துத் தெரியாமல் திருமுறையும் பிரபந்தமும் கற்பது, அஸ்திவாரமின்றி மாடி கட்டுவது. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தமிழக அரசு தொடங்கிய நிறுவனம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இயங்கி, வெளியூர்த் தமிழருக்கு எழுத்து முதலாகத் தமிழ் கற்பிக்கிறது. அதன் மின்னூலகத்தில் சமய இலக்கியங்களும் உள்ளன. இந்த வசதி இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சமய வகுப்பு நடத்துகிறவர்கள் முதல் எட்டு வாரங்களை எழுத்துப் பயிற்சிக்கு ஒதுக்கினால், அது மொழிக்கும் சமயத்திற்கும் ஒருங்கே செய்யும் தொண்டு.

இறுதியாக, மிக முக்கியமான ஒன்று. தன் சமயத்தைக் கற்பது வேறு. பிறர் சமயத்தை வெறுக்கக் கற்பது வேறு. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்த நகரம் எரிந்ததை நேரில் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்த தமிழர்கள், ஒரே ஜில்லாவிலிருந்து வந்தவர்கள், ஒருவரையொருவர் பார்த்து அஞ்சிய நாட்கள் அவை. மூடிய அறையில் நடக்கும் நேரலை வகுப்பில் என்ன சொல்லப்படுகிறது என்பதை அக்கம்பக்கத்தார் அறிய முடியாது. பாடம் என்ற பெயரில் பகை ஊட்டப்பட்டால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் பெற்றோரே. ஆகவே பிள்ளையைக் கைப்பேசி முன் உட்கார வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். ஆசிரியர் தம் நூலின் பெருமையைச் சொல்லட்டும். அடுத்த வீட்டுக்காரரின் வழிபாட்டை இழித்துப் பேசினால் அன்றே அந்த வகுப்பை நிறுத்திவிடுங்கள். கட்டிய பணம் போனாலும் போகட்டும்.

சமயக் கல்வியின் சான்று சுவரில் மாட்டும் காகிதத்தில் இல்லை. பிள்ளை தமிழ் எழுத்தைத் தடுமாறாமல் படிக்கிறதா, பாட்டின் பொருள் சொல்கிறதா, பக்கத்து வீட்டுக்காரரிடம் மரியாதையாக நடக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. அந்தச் சான்றை எந்த நிறுவனமும் அச்சிட்டுத் தர முடியாது. அதைப் பெறுவதற்கு உதவும் வகுப்பு எதுவானாலும், அது மண்டபத்தில் நடந்தாலும் கைப்பேசியில் நடந்தாலும், மும்பைத் தமிழர் தயங்காமல் அதில் சேரலாம்.